கையளிப்பு விழாவுக்குப் பின்னர்

நான் பத்திரிகையில் செய்தி ஆசிரியராக இருந்த காலத்தில், பிரதேச நிருபர்களிடமிருந்து வரும் செய்திகளில் ஒரு வகைக்கு 'கையளிப்பு' என்றே பெயர் வைத்திருந்தோம். இன்ன பாடசாலைக்கு இன்ன சங்கம் இத்தனை கணனிகளைக் கையளித்தது என்று தொடங்கி, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் பெயர்களுடன் அது முடியும். கூடவே ஒரு படம். ஒரே பெட்டியை இருவர் பிடித்திருப்பார்கள். இருவருமே பெட்டியைப் பாராமல் கமராவைப் பார்ப்பார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதை யார் பாவிக்கப் போகிறார்கள் என்பது செய்தியில் இருக்காது. பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவது பிள்ளைகளைப் பற்றிய வரிதான். விருந்தினர் ஒருவரின் பெயரை வெட்டினால் மறுநாள் காலையிலேயே தொலைபேசி அலறும்.

அந்தச் செய்திக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அதை எந்த நிருபரும் எழுதி அனுப்புவதில்லை. ஓய்வு பெற்ற பின்னர், வடக்கிலே சில பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளுக்குப் போய்வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பள்ளித் தோழர்கள் சிலர், "நாங்கள் அனுப்பின சாமான்கள் என்ன பாடு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லடாப்பா" என்று கேட்டுக்கொண்டதே அதற்குக் காரணம். பாடசாலைகளின் பெயர்களை இங்கே தவிர்த்துக்கொள்கிறேன். நான் எழுதப்போவது எல்லா இடத்திலும் நடப்பது. ஒரு பாடசாலையைச் சுட்டி எழுதினால் அது அநியாயம்.

இலங்கையில் செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலைகள் நெடுங்காலமாக உண்டு. இரத்மலானைப் பாடசாலையை 1912 இல் மேரி சாப்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கினார். கைதடி நவீல்ட் பாடசாலையை யாழ்ப்பாணத்தவருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. நான் பார்க்கப் போனவை அவையல்ல. சாதாரண பாடசாலையொன்றின் ஓரத்தில், பெரும்பாலும் சைக்கிள் கொட்டகைக்கு அருகே, ஒற்றை அறையில் இயங்கும் அலகுகள். பார்வையில்லாத ஒரு பிள்ளை, காது கேளாத இருவர், மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத ஒருவன், ஓட்டிசம் உள்ள இருவர், டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருத்தி என்று எல்லோரும் அந்த ஓர் அறையில், ஆசிரியையும் ஒருவரே. வெளிநாட்டில் இருந்து உதவி அனுப்புகிறவர்கள் இந்தக் காட்சியை முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நான் சென்ற முதலாவது அலகில் சாம்பல் நிற இரும்பு அலுமாரியொன்று இருந்தது. அதன் திறப்பு அதிபரிடம். அதிபர் வலயக் கல்விப் பணிமனைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அலுமாரிக்குள் என்ன இருக்கிறதென்று ஆசிரியையிடம் கேட்டேன். நான்கு மடிக்கணனிகள், ஆறு டப் கருவிகள், ஒரு பிரெயில் தட்டச்சு இயந்திரம் என்று ஒப்புவித்தார். கடைசியாக எப்போது வெளியே எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், நான் பின்னர் போன இடங்களிலெல்லாம் ஏதோவொரு வடிவில் கேட்ட பதில்தான்.

"பொருட்பதிவேட்டிலை ஏத்தியாச்சு ஐயா. ஒண்டு துலைஞ்சால், உடைஞ்சால் ஆர் கட்டுறது? என்ரை சம்பளத்திலைதான் கழிப்பினம்."

இதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். அரசாங்கப் பாடசாலையில் ஒரு பொருள் பதிவேட்டில் ஏறிவிட்டால், ஆண்டு முடிவில் நடக்கும் கணக்கெடுப்பில் அது கண்ணுக்குத் தென்பட வேண்டும். பாவனையால் தேய்ந்த கருவிக்கு விளக்கம் எழுத வேண்டும். பாவிக்கப்படாமல் புத்தம் புதிதாக இருக்கும் கருவிக்கு எந்த விளக்கமும் தேவையில்லை. இத்தகைய ஏற்பாட்டில், பிள்ளையின் கையில் கருவியைக் கொடுக்கும் ஆசிரியைதான் ஆபத்தைத் தலையில் சுமக்கிறார். அவர் அலுமாரியைப் பூட்டி வைத்ததில் எனக்கு வியப்பில்லை. திறந்து வைத்த சிலரைப் பின்னர் சந்தித்தபோதுதான் வியந்தேன்.

மறுநாள் அதிபர் வந்து அலுமாரியைத் திறந்தார். ஆறு டப் கருவிகளில் நான்கு உயிர் பெறவில்லை. ஒன்றின் முதுகு பணியாரம் போல உப்பியிருந்தது. லிதியம் மின்கலத்தை முற்றாக வடிந்த நிலையில் மாதக்கணக்கில் வைத்தால் அது மீளாமற் போகும்; வெப்பமும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பும். உப்பிய மின்கலத்தை அழுத்தினாலோ துளைத்தாலோ தீப்பற்றலாம். இரும்பு அலுமாரி, அஸ்பெஸ்டஸ் கூரை, சித்திரை மாதம். நீண்டநாள் வைக்க வேண்டிய கருவியைப் பாதியளவு மின்னேற்றி நிழலான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறையேனும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை. பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்த அலுமாரிதான் அவற்றைக் கொன்றிருந்தது. ஒரு பிள்ளை கீழே போட்டு உடைத்திருந்தால்கூட, அதற்கு முன்னர் சில மாதங்களாவது அவை பயன்பட்டிருக்கும்.

பிரெயில் தட்டச்சு இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பெர்கின்ஸ் இயந்திரம். அமெரிக்காவின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பாடசாலையில் கைவேலை ஆசிரியராக இருந்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951 இல் வெளிவந்தது. ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள், நடுவே இடைவெளி விசை, தடித்த தாள். மின்சாரம் வேண்டாம், மின்கலம் வேண்டாம். தூசி படாமல் துணியால் மூடி, இடைக்கிடை துப்புரவு செய்தால் ஒரு தலைமுறை உழைக்கும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலான நாட்களில் விசேட கல்வி வகுப்பொன்றில் இயங்கக்கூடியதாக இருந்த 'தொழில்நுட்பம்' அதுவும், அதற்கும் பழைய பிரெயில் சட்டமும் ஊசியும்தான். புதியதை மட்டுமே தொழில்நுட்பம் என்று எண்ணும் நன்கொடையாளர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஐந்து மடிக்கணனி கேட்காத ஓர் ஆசிரியை உங்களிடம் ஒரு பெர்கின்ஸ் இயந்திரமும் பிரெயில் தாளும் கேட்டால், அவருக்கு விபரம் தெரியாதென்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த பாடசாலையில் கணனி உயிரோடு இருந்தது. பார்வையற்ற மாணவியொருத்தி அதன்முன் அமர்ந்திருந்தாள். கணனியில் திரைவாசிப்பான் மென்பொருளும் இருந்தது. இந்த மென்பொருளின் கதை சொல்லத் தகுந்தது. பார்வையற்றோர் கணனி பாவிப்பதற்கான புகழ்பெற்ற மென்பொருள் ஆயிரம் டொலர் அளவில் விலைபோன காலத்தில், 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். சிறு வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமொன்றில் அவருக்கு நண்பரான ஜேம்ஸ் டே பின்னர் இணைந்துகொண்டார். அது இன்றுவரை இலவசம். ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்று எந்த விண்டோஸ் கணனியிலும் இயக்கலாம். ஈஸ்பீக் என்ற, அதுவும் இலவசமான, குரல்பொறியைக் கொண்டு தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமானதுதான், பழகிய பிள்ளைகள் அதை நாம் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள்.

அந்த மாணவி க.பொ.த. உயர்தரத்தில் கலைப்பிரிவு பயின்றாள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டதைப் பற்றி ஒரு செயற்றிட்ட அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நான் முன்னர் எழுதிய கட்டுரைகள் இருந்தால் தாருங்கள் என்றாள். வீட்டுக்கு வந்து, என் பழைய கோப்புகளில் மூன்றைத் தேடி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து தொலைபேசி.

"ஐயா, நீங்கள் அனுப்பினது இங்கிலீசும் இல்லை, தமிழும் இல்லை. சும்மா எழுத்து எழுத்தாச் சொல்லுது."

அந்தக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை உலகில் பாமினியை அறியாதவர் இல்லை. பக்கம் பக்கமாக நாம் அச்சேற்றியது அதில்தான். அது எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் பலர் யோசித்ததில்லை. விசைப்பலகையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் 'அம்மா' என்று தோன்றும். பார்க்கும் கண்ணுக்கு அது அம்மா. கணனியின் நினைவிலே அது வெறும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அவற்றுக்குத் தமிழ் உருவம் என்ற முகமூடி மாட்டப்பட்டிருக்கிறது. திரைவாசிப்பான் முகத்தைப் பார்ப்பதில்லை. அது உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். யுனிக்கோட் முறையில் தட்டியிருந்தால் அகரத்துக்கு அகரம் என்றே இடம் உண்டு. 'அம்மா' என்றால் 'அம்மா' என்று காதில் விழும்.

ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் ஆக்கிய 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றியை இணையத் தமிழர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதிலே ஒட்டி, யுனிக்கோடாக்கி, சிதைந்த சில எழுத்துகளைக் கையால் திருத்தி மீண்டும் அனுப்பினேன். அன்று இரவே பதில் வந்தது, மூன்றையும் கேட்டுவிட்டாளாம். எனக்கு மகிழ்ச்சியை விடக் கலக்கமே மிகுந்தது. எத்தனை பாடசாலைகளில், எத்தனை வினாத்தாள்கள், குறிப்புகள், சுற்றறிக்கைகள் பாமினியில் கிடக்கின்றன! கணனியும் மென்பொருளும் இருந்தும் அந்தப் பிள்ளைக்கு வகுப்பறை ஊமையாக இருக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரு சதமும் தேவையில்லை. குறிப்புத் தட்டச்சுச் செய்யும் ஆசிரியர் எழுத்துருவை மாற்றினால் போதும்.

2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது இன்னொரு வடிவத்தில் வந்தது. ஆசிரியர்கள் நல்ல மனதோடு, கையால் எழுதிய குறிப்புகளைப் படம்பிடித்து வட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். பார்வையற்ற பிள்ளையின் கைத்தொலைபேசி 'படம்' என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. அதற்குமேல் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. அதே குறிப்பை ஆசிரியர் தன் குரலில் பதிவு செய்து அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளையும் வகுப்பில் இருந்திருப்பாள். பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாக இருக்கக்கூடாதென்ற மராகேஷ் உடன்படிக்கை 2013 இல் உருவாகி, 2016 இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இலங்கையும் அதில் இணைந்தது. சட்டத்தின் கதவு திறந்திருக்கிறது. வாசலில் பாமினி கிடக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி அந்த மாணவியின் ஆசிரியை சொன்ன இரண்டு விடயங்கள் எனக்குப் புதியவை. கண் தெரியாத பிள்ளைக்குக் காதுதான் சூழலை அறியும் வழி. இரு காதுகளையும் மூடும் கேட்பொறியை மாட்டிவிட்டால், பின்னால் யார் வருகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. ஆகவே ஒரு காதில் மட்டும் மாட்டும்படி பழக்கியிருக்கிறார். மற்றது கடவுச்சொல். ஒரு வகுப்புக்கே ஒரு கடவுச்சொல், அதுவும் பாடசாலையின் பெயரோடு ஒன்று, இரண்டு, மூன்று சேர்த்தது என்பதே எங்கும் வழக்கம். இந்தப் பிள்ளைக்கு வரும் மின்னஞ்சலை யாரும் திறந்து படிக்கலாம். படித்தது அவளுக்குத் தெரியவும் வராது. எனவே அவளுக்கு மட்டும் தனிக்கணக்கு, அவளே வைத்த கடவுச்சொல். "எனக்கே தெரியாது ஐயா" என்று ஆசிரியை பெருமையோடு சொன்னார்.

செவிப்புலன் குறைந்த பிள்ளைகளின் விடயம் வேறு. அங்கே விலையுயர்ந்த கருவி அலுமாரியில் இருப்பதில்லை, காதில் இருக்கிறது. ஆனால் இயங்குகிறதா என்பதே கேள்வி. காதுக்குப் பின்னால் மாட்டும் கேட்டல் கருவிக்கான நாக–வளி மின்கலத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாள் உண்டு. அதை உரித்ததும் காற்று உட்புகுந்து மின்கலம் வேலை செய்யத் தொடங்கும். பிறகு கருவியை நிறுத்தி வைத்தாலும் அது வடிந்துகொண்டே போகும். ஒன்றிரண்டு வாரம்தான் ஆயுள். விழாவில் கருவியோடு ஒரு பக்கட் மின்கலம் கொடுப்பார்கள். அது முடிந்த நாளிலிருந்து பிள்ளை காதில் ஒரு பிளாஸ்டிக் துண்டை மாட்டிக்கொண்டு பாடசாலைக்கு வருகிறது. உண்மையில் அது இல்லாததை விட மோசம். கருவி அடைத்துக்கொண்டிருப்பதால், இயல்பாகக் கேட்கும் கொஞ்சமும் குறைகிறது. ஆசிரியரோ பிள்ளைக்குக் கேட்கிறதென்று நினைத்துக்கொள்கிறார். 'சொன்னால் கேட்கமாட்டான், குழப்படிகாரன்' என்ற பெயரும் சேர்ந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழியை ஒரு ஆசிரியையிடம் கண்டேன். காலையில் முதல் வேலையாக, வாயைக் கடதாசி மட்டையால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். அல்லது கையைத் தூட்டிக் காட்ட வேண்டும். டானியல் லிங் என்பவர் வகுத்த முறை இது. மனிதப் பேச்சின் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை இந்த ஆறும் தொட்டுச் செல்கின்றன. ஷ், ஸ் இரண்டும் எட்டவில்லையென்றால் ஒரு காரணம், எதுவுமே எட்டவில்லையென்றால் மின்கலம் அல்லது குழாய் அடைப்பு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நம்முடைய நெடுங்கணக்கின் நெடில்கள் மூன்று ஒரு வைத்தியப் பரிசோதனைக்கு உதவுவதைப் பார்த்துப் பண்டிதர் ஒருவர் மகிழ்ந்திருப்பார்.

வியர்வையும் ஈரமும் இந்தக் கருவிகளின் எதிரிகள். இரவில் மூடியுள்ள போத்தலொன்றில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தால் நீண்டநாள் உழைக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் பொட்டலங்களை அந்த ஆசிரியை ஊரெல்லாம் சொல்லிச் சேர்த்து வைத்திருந்தார். வளரும் பிள்ளையின் காது பெரிதாகக் காதச்சும் மாற்றப்பட வேண்டும். இல்லாவிட்டால் கருவி விசிலடிக்கும், பிள்ளை கழற்றி எறியும்.

பொத்தான் மின்கலங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போக முடியாது. சிறு பிள்ளைகளும், எதையும் வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள். குறிப்பாக, பேசும் பொம்மைகளிலும் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் இருக்கும் லிதியம் நாணய மின்கலம் தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே திசுவைப் பாரதூரமாக எரித்துவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தியெடுக்க வைக்க முயலாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும். பாவித்து முடிந்த மின்கலங்களை எண்ணி வாங்கும் ஒரு போத்தல், திறக்கக் கடினமான மூடியோடு, ஒவ்வொரு அலகிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பொம்மை அனுப்புகிறவர்கள், மின்கல மூடி திருகாணியால் பூட்டப்பட்டதா என்று பார்த்து அனுப்புங்கள்.

இன்னொன்றையும் வெளிநாட்டு அன்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. மடிக்கணனி மின்னேற்றிகள் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும். அதன் அடியில் 100–240 என்று அச்சிட்டிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பழைய கருவிகள், சில ஒலிபெருக்கிகள் ஆகியவற்றில் அப்படி இருக்காது. கப்பலில் வந்து இறங்கிய ஒரு கருவி செருகிய மறுகணமே புகைந்ததை ஒரு ஆசிரியர் எனக்கு நடித்தே காட்டினார். அதேபோலப் பாவித்த கணனிகளை அனுப்புகிறவர்கள் வன்தட்டைத் துடைத்து அனுப்புங்கள். யாரோ ஒருவருடைய வங்கிக் கடிதங்களும் குடும்பப் படங்களும், சிறுவர் பார்க்கத் தகாதவையும் அப்படியே வந்து சேர்ந்திருக்கின்றன. அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளை எதைக் கண்டாலும் சொடுக்கும். எவர் அன்பாக எழுதினாலும் நம்பும்.

பேச்சு வராத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மூளை முடக்குவாதமுள்ள அந்தப் பையனுக்கு வயது ஒன்பது. எல்லாம் விளங்கும், நாக்கு மட்டும் கட்டுப்படாது. அவனுக்கு ஒரு டப் கருவி வந்தது. படத்தைத் தொட்டால் அது பேசும். தொட்டபோது அமெரிக்க உச்சரிப்பில் ஆங்கிலம் பேசியது. படங்களில் பேகர் இருந்தது, பனிமனிதன் இருந்தான். புட்டு இல்லை, இடியப்பம் இல்லை, கோயில் இல்லை, அம்மம்மா இல்லை. அந்த ஆசிரியை தன் கைத்தொலைபேசியால் அவன் வீட்டையும் வகுப்பையும் படம்பிடித்து, படம் படமாக ஏற்றினார். குரலுக்கு அவனுடைய சித்தியின் மகனைப் பிடித்தார். அவனுக்கும் ஏறத்தாழ அதே வயது. பையன் அதிகமாகத் தொட்ட சொல் எது தெரியுமா? 'காணும்.' கணக்குப் பாடத்தின் நடுவில் காணும், காணும், காணும் என்று தொட்டுக்கொண்டே இருப்பானாம். ஒன்பது வருடங்களில் முதன்முறையாக அவன் ஒன்றை வேண்டாமென்று வாயால் சொன்னான் என்று தாயார் என்னிடம் சொன்னார்.

ஆசிரியை ஒருநாள் லீவில் நின்றபோது, பதிலுக்கு வந்தவர் 'வகுப்பைக் குழப்புகிறான்' என்று அந்தக் கருவியைப் பறித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். பேசும் பிள்ளை சத்தம் போட்டால் அதட்டுகிறோம். நாக்கை எடுத்து லாச்சிக்குள் வைப்பதில்லை. அடுத்த நாள் ஆசிரியை அதிபரிடம் போய், அந்தக் கருவி கண்ணாடி போலவும் ஊன்றுகோல் போலவும் பிள்ளைக்கு உரியது, தண்டனையாகப் பறிக்கக்கூடாது என்று எழுத்திலே வாங்கிக்கொண்டார். பொருட்பதிவேட்டில் அது பாடசாலைக்குரியதாக இருக்கட்டும்; மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோகத் தாயார் கையொப்பமிடும் ஒரு கொப்பியும் அதிபரின் சம்மதத்தோடு தொடங்கினார். பதிவேட்டுப் பயத்துக்கு நான் கண்ட ஒரே மருந்து அந்தக் கொப்பிதான்.

சோதனை அதோடு முடியவில்லை. பாடசாலையில் யாரோ அந்தக் கருவியில் விளையாட்டு ஏற்ற முயன்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட படங்களும் குரல்களும் போயின. பையன் மீண்டும் ஊமையானான். இரண்டாவது முறை ஏற்றியபோது ஆசிரியை பிரதியொன்றைத் தனியாகச் சேமித்தார். கருவியை ஒரே செயலிக்குள் நிறுத்திப் பூட்டும் வசதியையும் இயக்கினார். அப்பிள் கருவிகளில் 2012 இலிருந்தும் அன்ட்ரொயிட்டில் 2014 இலிருந்தும் இந்த வசதி உண்டு. விளையாட்டுகளைத் தடுத்ததற்கு அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இத்தகைய பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் உண்டு. 1997 டிசெம்பரில் ஜப்பானில் ஒரு பொக்கிமோன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியால் அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டதை வாசகர் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். மின்னும் விளையாட்டைப் பெட்டிக்குள் விடுவதில்லை என்று அவர் உறுதியாக இருந்தார்.

படங்களைப் பற்றிக் கதைக்கும்போது, என் தொழில் சார்ந்த ஒன்றையும் கேட்டார். "ஐயா, கையளிப்பிலை பிள்ளையளை மேடையிலை ஏத்தி, பேர், ஊர், வருத்தம் எல்லாம் சொல்லிப் படம் பிடிக்கினம். பேஸ்புக்கிலை அது சாகும்வரைக்கும் கிடக்கும். இந்தப் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போகாதோ, கலியாணம் கட்டாதோ?" சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசுகிறது, இலங்கை 1991 இல் அதனை ஏற்றுக்கொண்டது. நமது பத்திரிகைகளின் பக்கங்கள் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தோழர்களுக்கு நான் எழுதிய அறிக்கையில், பிள்ளையின் முகம் இல்லாத படம் போதுமென்று உடன்படாதவர்களிடமிருந்து பொருள் பெற வேண்டாம் என்று எழுதினேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் இன்னும் கதைப்பதில்லை.

அந்த அறிக்கையில் பணத்தைப் பற்றி எழுதியதும் அவர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. கருவிக்குச் செலவிடும் தொகையில் மூன்றிலொரு பங்கைக் கையில் வைத்திருங்கள், அதை மின்கலத்துக்கும் திருத்த வேலைக்கும் ஆசிரியையின் பயிற்சிக்கும் மூன்று வருடங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்றேன். இது என் கணக்கு, எந்த நிபுணருடையதுமல்ல. மின்கலப் பக்கட்டைக் கையளிக்க ஒரு விழா எடுக்க முடியாதே என்று ஒருவர் கேட்டார். எடுக்க முடியாதுதான்.

இப்போது அந்த ஆசிரியைக்கு இடமாற்றம் வந்துவிட்டது. வெளி மாவட்டத்தில் அவருக்கு வயது முதிர்ந்த பெற்றோர். போவதில் நியாயம் இருக்கிறது. இத்தகைய அலகுகளில் ஆசிரியை போனால் எல்லாமே அவரோடு போய்விடும். கடவுச்சொல் போகும், எந்தப் பிள்ளைக்கு எந்த மின்கலம் என்பது போகும், எந்தக் கடையில் கடன் தருவார்கள் என்பதும் போகும். அவர் ஒரு சிஆர் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். கருவிகளின் கடவுச்சொற்கள் உறையிலிட்டு அதிபரின் இரும்புப் பெட்டியில். டப் கருவியின் பிரதி இரண்டு பென்டிரைவ்களில். ஒன்று பாடசாலையில், ஒன்று பையனின் தாயாரிடம். மாதத்தின் முதல் திங்கள் எல்லாக் கருவிகளுக்கும் மின்னேற்றம். சின்னவளுக்கு 13 இலக்க மின்கலம், செம்மஞ்சள் ஒட்டுத்தாள். பெரியவனுக்கு 675, நீலம். மாற்றிப் போட்டால் மூடி உடையும். கடைசிப் பக்கத்தில் அந்தப் பையனைப் பற்றி ஒரு குறிப்பு: கணக்குப் பாடத்தில் 'காணும்' என்று மூன்று தடவை தொட்டால் நிறுத்த வேண்டாம், ஐந்து தடவை தொட்டால் நிறுத்தவும்.

புதிய ஆசிரியை தவணை தொடங்கும்போது வருவார் என்று சொல்கிறார்கள்.